கணித ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டின் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே பொருளைப் பற்றியே அமைந்தன. நம் உறுப்பினரும் எண்ணியல் பகுப்பாய்வில் (கணினிக் கணக்கீட்டு முறைகளை ஆராயும் கணிதத்தில்) நெடுங்காலமாக ஆய்வு செய்து வருபவருமான பேராசிரியர், படச் செயலாக்கத்தில் தாம் ஈடுபட்டுள்ள ஆய்வைத் தொடர் உரைகளாக வழங்கினார். அவருக்குச் சங்கத்தின் நன்றியை முதலில் பதிவு செய்கிறேன்.

மங்கிய படத்தைக் கூர்மையாக்குவது ஏன் கடினம் என்பதிலிருந்து உரைகள் தொடங்கின. மங்கல் ஓர் உயர் அதிர்வெண்ணை, அதாவது படத்தின் நுண்விவரக் கூறு ஒன்றை, ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்திருந்தால், அதை மீட்க ஆயிரத்தால் பெருக்க வேண்டும். அப்போது படத்தில் கலந்திருக்கும் இரைச்சலும் (தற்செயலான பிழைகளும்) ஆயிரம் மடங்காகிறது. தரவு சிறிது மாறினால் தீர்வும் சிறிதே மாற வேண்டும் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஹடமார்ட் விதித்த நிபந்தனை இங்கே பொய்த்துப்போகிறது. ஆகவே, எத்தகைய படத்தை எதிர்பார்க்கிறோம் என்பதையும் கணக்கிலேயே சேர்த்தாக வேண்டியிருக்கிறது.

அந்த எதிர்பார்ப்பை எப்படி எழுதுவது என்பதே உரைகளின் மையமாக இருந்தது. வெப்பம் பரவுவதை விவரிக்கும் வெப்பச் சமன்பாட்டைப் படத்தின் மீது செலுத்தினால், ஒளியளவுகள் அண்டைப் புள்ளிகளுக்குப் பரவி இரைச்சல் அடங்கும். ஆனால் பொருள்களின் விளிம்புகளும் கரைந்துவிடும். விளிம்பருகே பரவலைக் குறைக்கும் சமன்பாட்டைப் பெரோனாவும் மாலிக்கும் 1990இல் வெளியிட்டனர். செங்குத்தான விளிம்புகளில் அது பின்னோக்கிய பரவலாக (வேறுபாடுகளைச் சமன்செய்யாமல் பெருக்குவதாக) மாறுவதால், கோட்பாட்டளவில் நிலையற்றது; எனினும் கணினியில் நல்ல விடை தருகிறது. இந்த முரணைப் பேராசிரியர் பொறுமையாக விளக்கிய மாலையே இவ்வாண்டின் சிறந்த கூட்டம் என்பது என் கருத்து. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் படம் ஒரு முறைக்குச் சான்றாகிவிடாது என்பதை அன்று அனைவரும் உணர்ந்தோம்.

அடுத்து ரூடின், ஓஷர், ஃபதேமி ஆகிய மூவர் 1992இல் முன்வைத்த மொத்த மாறுபாட்டு முறை விவாதிக்கப்பட்டது. படத்தின் சாய்வுகளை (புள்ளிக்குப் புள்ளி ஒளியளவு மாறும் வீதங்களை) கூட்டி, அத்தொகையைச் சிறிதாக்குவதே இம்முறை. சாய்வின் வர்க்கத்தைக் கூட்டாமல் அதன் அளவை மட்டும் கூட்டுவதால், திடீர் மாற்றத்துக்கு மிகையான தண்டனை இல்லை, விளிம்புகள் பிழைக்கின்றன. மென்மையாக மாறும் பகுதிகள் படிக்கட்டுபோல் உடைந்து தெரிவது இம்முறையின் குறை. மேலும், சாய்வு சுழியாகும் இடத்தில் வகையிட இயலாததால் படிப்படியாக இறங்கிச் சிறும மதிப்பைத் தேடும் வழக்கமான இறக்க முறைகள் தடுமாறுகின்றன. சாம்போல் 2004இல் அதே கணக்கின் மாற்று வடிவமான இருமைச் சிக்கலுக்கு மாறி இதைத் தீர்த்ததையும், ஒவ்வொரு படியிலும் நகரும் அளவான படிநீளம் 1/8ஐத் தாண்டாதவரை அவருடைய முறை குவியும் (விடையை நெருங்கிச் செல்லும்) என்ற நிறுவலையும் உறுப்பினர்கள் கரும்பலகையில் வரிவரியாகச் சரிபார்த்தனர். இத்தகைய நிறுவல்களே எண்ணியல் பகுப்பாய்வின் உயிர் என்று உறுதியாக நம்புகிறேன்.

மாணவர்களுக்கான நிரலாக்கப் பயிற்சியும் நடைபெற்றது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார்.

வரும் ஆண்டில், கணிதவியலாளர் ரேடான் 1917இல் வெளியிட்ட, ஒரு சார்பை நேர்கோடுகள் வழியான அதன் கூட்டுத்தொகைகளாக மாற்றும் உருமாற்றத்தையும், அதனடிப்படையில் சி.டி. ஸ்கேன் படங்கள் மீட்டுருவாக்கப்படும் விதத்தையும் பயிலச் செயற்குழு பரிந்துரைக்கிறது. இப்பரிந்துரைக்கும் இவ்வறிக்கைக்கும் பொதுக்குழு ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்