செல்லு அரிச்ச மூணு புக்கு

டேய் மச்சி,

எப்டிடா கீற? போன்ல சொல்லலாம்னு பாத்தேன், நீ பாதிலயே "ம்ம்"னு தூக்கத்துக்குப் போய்டுவ, அதான் உக்காந்து எழுதுறேன். இங்க வெயில் தாங்கல, காட்பாடில எறங்குனவன் அதே ரயில்ல திரும்பிப் போய்டலாமான்னு யோசிப்பான், அப்டி காயுது.

போன ஞாயித்துக்கிழம அலமாரியத் தொறந்தா கீழ்த்தட்டு பூரா செல்லு. செவுத்தோரமா ஏறி வந்து வரிசையா மூணு புக்கத் தொளச்சிருக்குது, ஒண்ணோட பின்னட்டைல பூந்து அடுத்ததோட முன்னட்டைல வெளிய வந்து, சைக்கிள் ஸ்போக்கு வுட்ட மாதிரி ஒரே நேர் ஓட்ட, தட்டுனா மண்ணாக் கொட்டுது. எங்க வூட்ல "எடைக்குப் போட்டுடுங்க"ன்னா. போடுவனா? மொட்டமாடிக்கு எடுத்துகினு போய் காய வெச்சேன்.

மூணுல ஒண்ணு நம்ம வேலூர் கோட்டைல நடந்த சிப்பாய் புரட்சி பத்தினது. இன்னொண்ணு ஜாவா சரித்திரம், எப்பவோ பிளாட்பாரத்துல 40 ரூவாக்கி வாங்குனது, அட்டை நல்லா இருந்திச்சேன்னு வாங்கி ஒரு பக்கம் கூட பொரட்டல. மூணாவது மெக்கன்சின்ற வெள்ளக்கார சர்வேயர் சேத்து வெச்ச கைபீதுங்க, அதான் ஊர் ஊரா எழுதி வாங்குன ஊர்க் கதைங்க. ஒண்ணுக்கொண்ணு சம்மந்தமே இல்ல, சைஸ் ஒண்ணா இருந்ததால பக்கத்துல பக்கத்துல வெச்சிருந்தேன், அவ்ளோதான்.

மண்ணத் தட்டிகினே ஜாவா புக்கத் திருப்புனா ஓட்டைக்குப் பக்கத்துலயே கில்லெஸ்பின்னு ஒரு பேரு. இன்னாடா இதுன்னு பாத்தா நம்ம புரட்சி கதைல வர வெள்ளக்கார ஆபீசரேதான்டா! 1806 ஜூலை 10 காலைல ஆர்க்காட்டுலருந்து 25 கிலோமீட்டர் குதிரைல ஓடியாந்து, கயித்தப் புடிச்சி கோட்டை மேல ஏறி, அப்புறம் பீரங்கி வெச்சி கேட்ட ஒடச்சி சிப்பாயிங்கள கொன்னு தீத்தானே, ரெண்டு மார்க் கேள்விக்கி நாம மனப்பாடம் பண்ணமே, அவன்தான். அஞ்சு வருஷம் கழிச்சி 1811ல ஜாவாவப் புடிக்கப் போயிருக்கான், 1812ல யோக்யகர்த்தா சுல்தான் அரமனைய அடிச்சி ஒடச்சி உள்ள பூந்ததும் இவன் தலைமைலதான். அங்கயும் கோட்டை, அங்கயும் கேட்டு, இங்க பழகுன கை பாரு.

இன்னும் கேளு. அந்த அரமனைல இருந்த கையெழுத்து ஏடுங்கள மொத்தமா தூக்கிட்டாங்க. எடுத்துகினு போனவங்கள்ல ஒருத்தன் ராஃபிள்ஸ், பின்னாடி சிங்கப்பூர்ல போய் உக்காந்தவன். இன்னொருத்தன் யாருன்ற? மெக்கன்சி! என்னோட மூணாவது புக்கு! அந்தாளு அதுக்கு முன்னாடி 1799ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவ எதுத்து நின்ன படைல என்ஜினியரு. திப்பு செத்ததும் அவரு குடும்பத்த எங்க கொண்டாந்து வெச்சாங்க? நம்ம கோட்டைல. சிப்பாயிங்க யாரோட கொடிய ஏத்துனாங்க? திப்பு கொடிய. பாத்தியா, சுத்தி சுத்தி மொதல் புக்குக்கே வந்து நிக்குது. எனக்கு முன்னாடி செல்லு படிச்சிருச்சி போல.

மெக்கன்சிய நெனச்சா ரெண்டு மனசா கீதுடா. ஜாவால பண்ணது கொள்ளதான். ஆனா இந்தப் பக்கம் அவரும் அவருகிட்ட வேல பாத்த காவலி சகோதரருங்களும் ஊர் ஊரா எழுதி வாங்கலன்னா எத்தினி ஊர் கதை போயே போயிருக்கும். அதுல பாதி இன்னிக்கி மெட்ராஸ் சுவடி நூலகத்துல கீது. திட்டவும் முடில, கும்புடவும் முடில.

அப்புறம் பையனப் பாக்க டேராடூன் போனப்ப ரெண்டு வெள்ளத் தூண் போட்டோ அனுப்புனியே, "இன்னான்னு தெரில, நல்லா கீது"ன்னு. அது கலங்கா. 1814ல கூர்க்காக்காருங்க கோட்டையப் புடிக்கப் போய் அங்கதான் கில்லெஸ்பி செத்தான். ஒரு தூண் அவனுக்கு, இன்னொண்ணு அவன எதுத்து சண்ட போட்ட பலபத்ரருக்கு. நீ ரெண்டுக்கும் நடுவுல கூலிங்கிளாஸ் போட்டுகினு நிக்கிற.

ஒண்ணு கேக்கணும். என்னோட இலங்கை புக்கு உன்கிட்டதான கீது? பதினோரு வருஷம் ஆச்சி, நான் மறக்கல. கண்டி கடைசி ராஜா, விக்கிரம ராஜசிங்கன், அவரையும் 1816ல நம்ம கோட்டைக்கிதான் கைதியா கொண்டாந்தாங்க, 1832ல இங்கயே செத்தாரு, பாலாத்தங்கரை முத்து மண்டபம் அவருக்குதான். அந்தப் பக்கத்துல அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் சொருவி வெச்சிருப்பேன், இருக்குதான்னு பாரு. வரப்ப எடுத்துகினு வா. தட்ட தொடச்சி வேப்பெண்ண பூசி எடம் வுட்டு வெச்சிருக்கேன்.