வீட்டில் வைக்கும் டீசலில் தண்ணீர் எப்படி வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் 20, 25 ஹெச்.பி. சிறு டிராக்டர்களும் பவர் டில்லர்களும் ஒரே மாதிரிக் கோளாறோடு பட்டறைக்கு வரத் தொடங்கும். இன்ஜின் ஏறி இறங்கி ஓடும், வெள்ளைப் புகை தள்ளும், பாதி வயலில் நின்றுவிடும். ஃபில்டரின் அடி போல்ட்டைத் தளர்த்தினால் முதலில் வருவது தண்ணீர். “பங்க்கில் கலந்துவிட்டார்கள்” என்பதே வண்டிக்காரர்களின் முதல் பேச்சு. அப்படியும் நடக்கலாம். ஆனால் சந்தேகம் இருந்தால் பங்க்கின் தொட்டியில் விடும் அளவுக்கம்பியில், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவித் தண்ணீர் இருக்கிறதா என்று காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அங்கே சரியாக இருந்தால், தண்ணீர் புகுந்த இடம் நம் வீட்டுக் கொட்டகைதான்.

200 லிட்டர் இரும்புப் பேரலின் தலைப்பக்கத்தைப் பாருங்கள். சுற்றிலும் விளிம்பு உயர்ந்து, நடுவில் தட்டு போலப் பள்ளமாக இருக்கும். இரண்டு அங்குல மூடி ஒரு பக்கம், முக்கால் அங்குல மூடி எதிர்ப்பக்கம். வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்தால் மழைத்தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி மூடிகளைச் சூழ்ந்து நிற்கும். பகலில் வெயில் பட்டு உள்ளே இருக்கும் காற்று விரிந்து, மரை வழியாகக் கொஞ்சம் வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது காற்றுக்குப் பதிலாக அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மூடி இறுக்கமாக இருந்தாலும் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் இது நடக்கும். தார்ப்பாய் போட்டு மூடினால் மழை நிற்கும், பேரல் மூச்சு விடுவது நிற்காது. ஈரக்காற்று உள்ளே போய்த் தகரத்தில் வியர்த்து, துளித்துளியாக அடியில் சேரும்.

முழுப் பேரலைக் கூரையில்லாத இடத்தில் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், இரண்டு மரக்கட்டைகள் மேல் படுக்க வையுங்கள். மூடிகள் இரண்டும் இடமும் வலமுமாக, கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடத்தில் இருக்கட்டும். அப்போது மூடிக்கு உட்பக்கம் டீசல் நிற்கும், வெளித்தண்ணீர் உள்ளே போக வழியில்லை. டீசலோடு பேரல் ஏறக்குறைய 185 கிலோ கனக்கும். ஒருவர் தனியாகச் சாய்க்க வேண்டாம்.

எடுத்துப் புழங்கும் பேரலைக் கூரைக்குக் கீழே நிமிர்த்தி வைக்கலாம். நேராக நிறுத்தாமல், இரண்டு அங்குலக் கட்டையை ஒரு ஓரத்தில் கொடுத்துச் சற்றே சாய்த்து வையுங்கள். எந்த ஓரம் என்பது முக்கியம். இரண்டு மூடிகளும் உங்களுக்கு இடமும் வலமுமாக இருக்கும்படி நின்று, எதிர் ஓரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுக்க வேண்டும். இப்போது பேரல் உங்கள் பக்கம் சாயும். மேலே சிந்தும் தண்ணீரும், அடியில் இறங்கும் தண்ணீரும் சேறும் அந்தத் தாழ்ந்த ஓரத்திலேயே ஒதுங்கும். மூடிகளும் பம்பு இறங்கும் இடமும் அதிலிருந்து விலகி இருக்கும். கைப்பம்பின் குழாய் தரையைத் தொடக் கூடாது. அடியிலிருந்து மூன்று அங்குலம் மேலே நிற்கும்படி வெட்டிவிடுங்கள். இதனால் சுமார் 20 லிட்டர் எப்போதும் அடியில் தங்கும். அதை நஷ்டமாகப் பார்த்து, பேரலைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை டேங்கில் ஊற்றுவதுதான் இன்ஜினின் டீசல் பம்பைக் கெடுக்கிறது. புது டீசல் ஊற்றினால் ஒரு நாளாவது அசையாமல் விட்டுத் தெளிந்த பிறகே எடுக்கவும்.

மாதம் ஒரு முறை, நீளமான குழாயைத் தாழ்ந்த ஓரம் வரை விட்டு, அடியில் கிடப்பதைக் கைப்பம்பால் ஒரு கண்ணாடி பாட்டிலில் எடுங்கள். இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். டீசல் தெளியாமல் மங்கலாகவே இருந்தால் அதில் தண்ணீர் பொடியாகக் கலந்திருக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் நடுவே பழுப்பாகவோ கறுப்பாகவோ வழுவழுப்பான படலம் தெரிந்தால் பேரலுக்குள் நுண்ணுயிர் வளரத் தொடங்கிவிட்டது. பூஞ்சையும் பாக்டீரியாவும் தண்ணீரும் டீசலும் சேரும் அந்தக் கோட்டில்தான் பிழைக்கும். தண்ணீர் இல்லையென்றால் அவை இல்லை. படலம் வந்த பேரலைக் காலி செய்து, கழுவிக் காயவைக்காமல் புது டீசல் ஊற்றினால் அதுவும் கெடும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் வரும் பி.எஸ்.6 தர டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) தான், நுண்ணுயிரைத் தடுக்க அதை நம்ப முடியாது. அந்தக் காலத்து டீசல் வருடக்கணக்கில் கிடந்ததை நினைத்து இதையும் போட்டுவைக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

உண்மையில் சிறு டிராக்டருக்குப் பேரலே பெரும்பாலும் தேவையில்லை. ரோட்டவேட்டர் போட்டு ஓட்டினால் மணிக்கு இரண்டரை, மூன்று லிட்டர் பிடிக்கும். ஐந்து மணி நேர வேலைக்குப் பதினைந்து லிட்டர். பங்க் பத்து கிலோமீட்டருக்குள் இருந்தால் 20 லிட்டர் கேன் இரண்டு போதும். தினமும் உழவு இல்லாத வீட்டில் 200 லிட்டர் வாங்கினால் அது மாதக்கணக்கில் கிடந்து தண்ணீர்தான் சேர்க்கும்.

கேன் விஷயத்தில் பெரும்பாலும் தவறே நடக்கிறது. குடிதண்ணீர் கேன், பூச்சிமருந்து கேன், ஜி.ஐ. வாளி மூன்றுமே ஆகாது. துத்தநாகப் பூச்சு டீசலோடு வினை புரிந்து சோப்பு போன்ற பிசுக்கை உண்டாக்கும். அது ஃபில்டரையும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் அடைக்கும். எரிபொருளுக்கென்றே வரும் இரும்பு கேன் அல்லது கெட்டியான ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் கேன் வாங்கி, மேலே ‘டீசல்’ என்று பெயின்ட்டில் பெரிதாக எழுதுங்கள். பெட்ரோல் இருந்த கேனில் டீசல் பிடிக்கவே கூடாது. மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவியோடு, டீசல் பாயும்போது உண்டாகும் நிலைமின்சாரப் பொறியும் சேர்ந்தால் பற்றிக்கொள்ளும். பங்க்கில் கேனை வண்டியின் மேல் வைத்தோ கையில் தூக்கிப் பிடித்தோ நிரப்ப வேண்டாம். தரையில் வைத்து, குழாயின் மூக்கு கேனின் வாயைத் தொட்டபடி நிரப்பச் சொல்லுங்கள். 20 லிட்டர் கேனில் 19 லிட்டர் போதும். சூடேறினால் டீசல் விரியும், அதற்கு இடம் வேண்டும்.

டேங்கில் ஊற்றும்போது வேட்டித்துணியை வைத்து வடிகட்டும் பழக்கத்தையும் விடவேண்டும். துணி தூசியைப் பிடிக்கும், தண்ணீரை விட்டுவிடும், தன் நூலையும் சேர்த்து உள்ளே அனுப்பும். நாசிலுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் இன்ஜெக்ஷன் பம்பின் எலிமென்ட்டுக்குள் (தண்டுக்கும் அதன் உறைக்கும் நடுவே) இருக்கும் இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான்தான். அங்கே எண்ணெய் போட வேறு ஆள் கிடையாது, டீசலே மசகு. தண்ணீர் நுழைந்தால் உலோகம் உலோகத்தோடு உரசி, துருவும் ஏறும். நாசில் முனையில் அந்தத் தண்ணீர் நீராவியாகி வெடித்து முனையையே பெயர்த்துவிடும். வாரம் ஒரு முறை, காலையில் வண்டியைக் கிளப்பும் முன், ஃபில்டரின் அடி போல்ட்டைத் தளர்த்தி அரை டம்ளர் வடித்துவிட்டால் இந்தச் செலவு வராது. வடித்த பிறகு ஃபில்டரின் மேல் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பிரைமரை (டீசலைக் கையால் தள்ளும் சிறு பம்பை) அடித்து, நுரை நின்று டீசல் மட்டும் வரும்போது இறுக்குங்கள். இல்லாவிட்டால் குழாயில் காற்று அடைத்து ஏர் லாக் ஆகும். டேங்கை மாலையில் வேலை முடிந்ததும், இன்ஜின் ஆறிய பிறகு நிரப்பி வையுங்கள். டேங்க் நிறைந்திருந்தால் இரவில் ஈரக்காற்றுக்கு உள்ளே இடமில்லை. சூடான சைலன்ஸரில் டீசல் சிந்தினால் தீப்பொறியே இல்லாமல் எரியும்.

இனி வைக்கும் இடம். சட்டப்படி டீசல் ‘பி’ வகுப்பு எரிபொருள். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டத்தின்படி, ஒரே இடத்தில் 2500 லிட்டர் வரை, ஒரு கலமும் 1000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால், உரிமம் வேண்டியதில்லை. ஆகவே கேனில் டீசல் வைத்திருப்பது குற்றம் என்று யாரும் பயப்படத் தேவையில்லை. ஆனால் உரிமம் வேண்டாம் என்பதால் எங்கும் வைக்கலாம் என்றாகாது. டீசலின் தீப்பற்றுநிலை (அதன் ஆவி பொறி பட்டால் பற்றும் வெப்பநிலை) 35 டிகிரிக்குக் குறையக் கூடாது என்றே இந்தியத் தரவிதி சொல்கிறது. சித்திரையில் தகரக் கொட்டகைக்குள் வெப்பம் அதையும் தாண்டும்.

எங்கள் பகுதியில் வழக்கமாக டீசல் வைக்கும் இடம் மோட்டார் ரூம். பூட்டு இருக்கிறது, நிழல் இருக்கிறது, அதனால் வசதி. ஆனால் ஸ்டார்ட்டர் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் விடும்போதும் பொறி பறக்கும். த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் ஆளே இல்லாமல் போட்டுக்கொள்ளும். கசிந்த டீசல் கிணற்றுக்கோ போர் குழிக்கோ இறங்கவும் அதுவே பக்கம். தயவுசெய்து அங்கே வைக்காதீர்கள். உரக்கொட்டகையும் வேண்டாம். சொட்டுநீரில் விடும் பொட்டாசியம் நைட்ரேட்டும் பிளீச்சிங் பவுடரும் டீசலோடு சேர்ந்தால் தீயை மூட்டிவிடக் கூடியவை. வைக்கோல் போர், அடுப்பு, மாட்டுக்கொட்டகை ஆகியவற்றிலிருந்து தள்ளி, நாலு பக்கமும் காற்றோடும் ஓட்டுச்சாய்ப்பு போதும். சுற்றி அரையடிக்கு சிமென்ட் கட்டு கட்டிவிட்டால் கசிவு அதற்குள் நிற்கும். பக்கத்தில் இரண்டு வாளி காய்ந்த மணல், முடிந்தால் ஒரு ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் வையுங்கள். எரியும் டீசலில் தண்ணீர் ஊற்றினால் டீசல் மேலே மிதந்து தீயோடு பரவும்.

எல்லாவற்றையும் விட அவசரமாகச் சொல்லவேண்டியது, டியூபை வாயால் உறிஞ்சி டீசல் இறக்கும் பழக்கம். ஒரு வாய் டீசல் வயிற்றுக்குப் போவதைவிட, சில சொட்டு நுரையீரலுக்குள் போவதே ஆபத்து. இருமலும் மூச்சுத்திணறலும் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போகும். நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் டீசலைத் தண்ணீர் பாட்டிலில், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் இதே காரணத்தால் கூடாது. கைப்பம்பு ஒன்று வாங்கிவிடுங்கள்.

வேளாண்மைப் பொறியியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். மானியத்தில் பவர் டில்லரும் களையெடுக்கும் கருவியும் கொடுக்கும்போது ஓட்டக் கற்றுத்தருகிறீர்கள். எரிபொருளை வைத்துப் புழங்கும் முறைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உண்மையான பேரலையும் கைப்பம்பையும் வைத்து, மூடிகள் எந்தப் பக்கம், கட்டை எந்தப் பக்கம் என்று செய்து காட்டினால் பார்த்தவர்களுக்கு மறக்காது. கேன் என்றாலே டீசல் இல்லை என்று திருப்பி அனுப்பும் பங்க்குகளுக்கும் சொல்லவேண்டும்: இறுகும் மூடியுள்ள சரியான கேனோடு வரும் விவசாயிக்குக் கொடுங்கள், குடிதண்ணீர் கேனோடு வந்தால் காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
டீசல் பம்பு, நாசில் வேலை பார்க்கும் மெக்கானிக்குகள்,
கோபிசெட்டிபாளையம் வட்டாரம்.