கூலன்ட் ஊற்றியதற்கு பில் இருக்கிறது, கசிவைச் சோதித்ததற்குத் தாள் எங்கே?

அனுப்புநர்:
போடிநாயக்கனூரில் வசிக்கும் உங்கள் வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, வண்டி எண் ஆகியவை இணைப்பில்)

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கார் நிறுவனத்தின் தலைமை அலுவலகம்.

பொருள்: கூலன்ட் கசிவைக் கண்டறியாமல் விட்டதால் மலைப்பாதையில் எஞ்சின் சூடேறிப் பழுதானது, வாரண்டி மறுக்கப்பட்டது, பழுதுச் செலவை நிறுவனமே ஏற்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் என் கார் எஞ்சின் பிரிக்கப்பட்ட நிலையில் நிற்கிறது. ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, சிலிண்டர் ஹெட்டையும் மாற்ற வேண்டும், ரூ.52,400 ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். வாரண்டி காலம் இன்னும் முடியவில்லை. ஆனாலும், "எஞ்சின் சூடேறிய பிறகும் வண்டியை ஓட்டியதால் ஏற்பட்ட சேதம்" என்று ஒரே வரியில் எழுதி வாரண்டியை மறுத்துவிட்டார்கள். அந்த வரி உண்மையல்ல. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது என்று, வண்டி சூடேறுவதற்கு வெகு முன்பே அதே சர்வீஸ் சென்டரில் புகார் செய்தவன் நான். அவர்களுடைய ஜாப் கார்டிலேயே அது பதிவாகி இருக்கிறது.

நான் போடியில் குடியிருக்கிறேன். கேரளப் பக்கம், பூப்பாறைக்கு அருகே எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. இங்கே பாதி ஊருக்குப் பிழைப்பு மலைமேல்தான். விடிவதற்குள் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறும். மேலே விளையும் காய் கீழே போடியில் உள்ள நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலத்துக்கு வரும். இடையில் இருப்பது கொச்சியிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 85-இன் போடிமெட்டு மலைப்பாதை. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்துக்கு ஏற வேண்டும். இந்தப் பாதையில்தான் என் வண்டி ஓடப்போகிறது என்பதை வாங்கும்போதே உங்கள் விற்பனையாளரிடம் சொல்லித்தான் வாங்கினேன்.

ஆனி மாதச் சாரலில் முதல் அறிகுறி தெரிந்தது. வெளியே தரையெல்லாம் ஈரம், எதுவும் புலப்படாது. ஆனால் கொட்டகைக்குள் காய்ந்த சிமென்ட் தரையில், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், இளஞ்சிவப்பாக நாலைந்து சொட்டுகள் கிடந்தன. தொட்டுப் பார்த்தேன். தண்ணீர்போல் உடனே காயவில்லை, விரலில் வழுவழுவென்று நின்றது. கூலன்ட் டப்பாவைப் பார்த்தால் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. அன்றே வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். அங்கிருந்த சர்வீஸ் அட்வைசர், "அது ஏசி தண்ணீர் சார், எல்லா வண்டியிலும் சொட்டும்" என்றார். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு நிறம் ஏது? வழுவழுப்பு ஏது? அதைக் கேட்டதும் கூலன்ட்டை நிரப்பி, வண்டியைக் கழுவி, பில் போட்டுக் கொடுத்தார். மறுபடி குறைந்தது, மறுபடி போனேன், மறுபடியும் நிரப்பினார்கள். ஓட்டைக் குடத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு "குடம் நன்றாக இருக்கிறது" என்று எழுதித் தருவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மூடிய சுற்றில் ஓடுவது கூலன்ட். சரியாக உள்ள வண்டியில் அது மாதாமாதம் குறையக் கூடாது. குறைந்தால் ஒன்று வெளியே கசிகிறது, அல்லது எஞ்சினுக்குள்ளேயே போகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் அளவுமானியுடன் கூடிய கைப்பம்பை மாட்டி, மூடியில் குறித்திருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கால்மணி நேரம் காத்திருந்தால் போதும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். பிறகு டார்ச் அடித்து ஒவ்வொரு ஹோஸாக, கிளாம்ப்பாக, ரேடியேட்டர் ஓரமாக, வாட்டர் பம்ப் அடியாகப் பார்க்க வேண்டும். உங்கள் சர்வீஸ் சென்டர் கொடுத்த எந்தத் தாளிலும் இந்தச் சோதனை நடந்ததற்கான ஒரு சொல்கூட இல்லை.

அதற்குப் பதிலாக அவர்கள் செய்தது, சமவெளிச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து "டெஸ்ட் டிரைவ் செய்யப்பட்டது, கோளாறு இல்லை" என்று எழுதியதுதான். அங்கேதான் தவறு நடந்திருக்கிறது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், 1 பார் (ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தத்தின் அளவு) கூடுதல் அழுத்தம் இருந்தால் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். கசிவு இருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. நிற்காவிட்டால் கொதிநிலை இறங்கிவிடும். போதாக்குறைக்கு, உயரம் ஏற ஏறக் காற்றழுத்தமும் குறைகிறது. போடிமெட்டு உயரத்தில் வெறும் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். இரண்டாம் கியரில், ஆள் ஏற்றிக்கொண்டு, மெதுவாக ஏறும் வண்டிக்குக் காற்றும் குறைவு, எஞ்சினுக்குச் சுமையும் அதிகம். சமவெளியில் சத்தமில்லாமல் ஓடும் வண்டி மலையில் கொதிப்பது இதனால்தான். மலையேறும்போதுதான் குறைகிறது என்று நான் சொன்னதை எழுதிக்கொண்டவர்கள், அதைப் பொருட்படுத்தவே இல்லை.

ஆவணியில், காய் பறிப்பு மும்முரமாக இருந்த சமயம், அம்மாவை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மேல் வளைவுகளை நெருங்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. ஏசியை அணைத்து, அடுத்த வளைவில் இருந்த அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டேன். போனட் ஓரங்களில் ஆவி கிளம்பியது; இனிப்பு கருகியதுபோல ஒரு வாடை. மூடுபனியில் மேலிருந்து லாரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. எழுபது வயதைக் கடந்த அம்மா, முழங்கால் வலியோடு தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வளைவில் ஒரு லாரி சற்று விலகி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை நான் தொடவில்லை. வண்டியை மீண்டும் கிளப்பவும் இல்லை.

அவ்வழியே வந்த ஜீப் ஓட்டுநர் ஒருவர் தகவல் சொல்லி, மேலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். தொழிலாளர் ஜீப்புகளையே காலமெல்லாம் பார்த்து வருபவர். எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, அடியில் உள்ள பிளாஸ்டிக் கவசத்தைக் கழற்றி, கையளவு கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே நீட்டி எனக்குக் காட்டினார். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை. அதிலிருந்து கீழ்நோக்கி, உப்புப் பூத்ததுபோல் வெளிறிய இளஞ்சிவப்புப் படிவம் தடிமனாக இறங்கியிருந்தது. பம்ப்பின் உள் சீல் தேய்ந்தால் கூலன்ட் வெளியேறுவதற்கென்றே வைக்கப்பட்ட துளை அது. கசிந்தது சூடான எஞ்சின்மேல் பட்டு உடனே ஆவியாகிவிடும், அதனால் தரைக்கு வருவது சில சொட்டுகள்தான் என்றார். அவ்வளவு தடித்த படிவம் ஒரே நாளில் வந்திருக்க முடியாது. நான் முதலில் புகார் சொன்ன நாளில் அந்தக் கவசத்தைக் கழற்றியிருந்தால் உங்கள் ஆட்களும் இதைக் கண்டிருப்பார்கள். அவர் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

அங்கிருந்து வண்டியை ஏற்றிச் சென்றது உங்கள் நிறுவனத்தின் சாலை உதவி வண்டிதான். இடமும் நேரமும் அவர்களுடைய சீட்டில் உள்ளன. இப்படியிருக்க, "சூடேறிய பிறகும் ஓட்டினார்" என்று எதை வைத்து எழுதினார்கள்? இந்த மாடலில் வெப்பநிலையைக் காட்டும் முள் கிடையாது. எல்லை மீறிய பிறகு எரியும் சிவப்பு விளக்கு ஒன்றுதான். கூலன்ட் மிகவும் குறைந்துவிட்டால் சென்சார் திரவத்தில் நனையாமல் ஆவியில் நிற்கும். அப்போது அந்த விளக்கே தாமதமாக எரியலாம். ஓட்டுபவருக்கு முன்னெச்சரிக்கை தராத வண்டியைச் செய்துவிட்டு, பழியை அவர் தலையில் போடுவது நியாயமா? எஞ்சின் கம்ப்யூட்டரில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியதைக் குறிக்கும் பி0217 என்ற கோளாறுக் குறியீடு பதிவாகியிருந்தால், அந்த நொடியில் இருந்த வேகமும் வெப்பநிலையும் அதனுடன் சேர்ந்து பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவை அழிக்காமல் எனக்கு அச்சிட்டுத் தாருங்கள். என்மீது சொல்லப்படும் குற்றத்துக்குச் சான்று அதில் இருந்தால் காட்டட்டும்.

எஸ்டிமேட்டிலும் இதே போக்குதான். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று எந்தச் சோதனையில் முடிவு செய்தார்கள்? கூலன்ட்டில் புகைவாயு கலந்திருந்தால் நீலத் திரவம் மஞ்சளாக மாறும் சோதனை உண்டு, அதைச் செய்தார்களா? ஹெட் வளைந்திருக்கிறது என்றால் எவ்வளவு? நேர்விளிம்புச் சட்டம் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து, நூறில் ஒரு மி.மீ. கணக்கில் சொல்லக்கூடிய விஷயம் இது. சிறிய வளைவென்றால் கடைந்து சமப்படுத்தினாலே போதும். அளவு எதுவும் இல்லாமல் "மாற்ற வேண்டும்" என்று மட்டும் எழுதியிருப்பதை நான் எப்படி நம்புவது?

எனவே வாட்டர் பம்ப், கேஸ்கட், ஹெட் ஆகியவற்றுக்கான முழுச் செலவையும் வாரண்டியில் ஏற்க வேண்டும். கசிவைத் தேடாமல் கூலன்ட் ஊற்றியதற்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வேலை முடிந்ததும் அழுத்தச் சோதனையை என் முன்னிலையில் செய்து, முடிவைக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அதோடு, கூலன்ட் குறைகிறது என்று யார் வந்தாலும் அழுத்தச் சோதனை செய்யாமல் நிரப்பி அனுப்பக் கூடாது என்று உங்கள் சர்வீஸ் சென்டர்களுக்கு எழுத்து மூலம் உத்தரவிடுங்கள். இந்த மலையில் உங்கள் வண்டிகள் ஏராளமாக ஓடுகின்றன.

15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டு வழக்குத் தொடுப்பேன். நான் வசிக்கும் மாவட்டத்திலேயே அதைத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அதுவரை, கழற்றிய வாட்டர் பம்ப்பையும் பழைய கேஸ்கட்டையும் சர்வீஸ் சென்டரில் தூக்கி எறியாமல் வைத்திருக்குமாறு இன்றே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
போடிநாயக்கனூர்.

இணைப்பு: ஜாப் கார்டுகள், கூலன்ட் பில்கள், எஸ்டிமேட், வாரண்டி மறுப்புக் கடிதம், சாலை உதவிச் சீட்டு, வாட்டர் பம்ப்பின் படங்கள்.