அந்தச் சின்ன மலைச்சரிவு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ‘இன்சைட்’ வீடியோ கேமின் முடிவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் 2016இல் வெளியிட்ட, ஒரு வார்த்தைகூட வசனம் இல்லாத அந்த கேமுக்குத் தமிழில் இரண்டு பக்கம் கிடைத்ததே சந்தோஷம். ஆனால் ‘மர்மம் விலகியது’ என்று கட்டுரையாளர் முடித்திருப்பதுதான் உறுத்துகிறது.

கேமில் நாம் இயக்கும் சிவப்புச் சட்டைச் சிறுவன் தானாக ஓடி வரவில்லை, ஆய்வகத் தொட்டியில் அடைபட்ட சதைக் குவியல்தான் தன்னை விடுவிக்க அவனை வரவழைத்தது என்கிறார். ரசிகர்களிடம் ரொம்ப நாளாகப் புழங்கும் கருத்து, வலுவானதும்கூட. சிறுவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பொம்மை போல நிற்கும் மனிதர்களை ஆட்டிவைக்கிறான். ஓரிடத்தில் அப்படி ஆடுகிற ஒருவனே இன்னொரு ஹெல்மெட்டை மாட்டி வேறு சிலரை ஆட்டுகிறான். அப்படியென்றால் சிறுவனை ஆட்டுவது யார் என்று கேட்கத் தோன்றத்தான் செய்யும்.

சரி, ஆனால் ரகசிய முடிவை இதற்குச் சாட்சியாக நிறுத்தலாமா? ஒளித்து வைத்த உருண்டைகளையெல்லாம் செயலிழக்கச் செய்துவிட்டு, சோளக் கொல்லைக்கு அடியில் இருக்கும் அறைக்குப் போய் ஒயரைப் பிடுங்கினால் விளக்குகள் அணைகின்றன. சிறுவனும் அந்தப் பொம்மை மனிதர்களைப் போலவே தோள் தொங்கி நின்றுவிடுகிறான். கொல்லை வருவது கேமின் தொடக்கத்தில், குவியல் வருவது கடைசியில். அந்த ஒயர் குவியலிடம்தான் போகிறது என்று எங்கும் காட்டவில்லை. என்னைக் கேட்டால், அறுந்தது நம் கையிலிருக்கும் கன்ட்ரோலரின் இணைப்பு. (இதுவும் பழைய கருத்துதான், என் கண்டுபிடிப்பு இல்லை.)

கட்டுரையில் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. சிறுவனைத் தனக்குள் இழுத்துக்கொண்ட குவியல் ஆய்வகத்தை உடைத்துக்கொண்டு உருளும் வழியில் ஒரு சின்ன மாதிரி வடிவம் வைத்திருக்கிறார்கள்: மலைச்சரிவு, கரை, மேலிருந்து விழும் ஒரு கீற்று வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் குவியல் போய் விழும் இடம் அச்சு அசலாக அதேதான். தப்பித்துவிட்டது என்றால், தப்பித்துப் போய்ச் சேரும் இடத்தை ஆய்வகத்துக்காரர்கள் முன்கூட்டியே ஏன் செய்து வைத்தார்கள்? யார் யாரை அழைத்தார்கள் என்பதெல்லாம் அப்புறம். வெளியே போனதுதான் நிஜமா என்பதே இங்கே சந்தேகமாகிவிடுகிறதே!

நானும் அந்த மாதிரியை முதல் தடவை கவனிக்கவில்லை. தம்பி விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அப்போதுதான் கண்ணில் பட்டது. கடைசியில் குவியல் கரையோரம் அசையாமல் கிடக்க, கேம் ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து அவன் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தான். பெயர்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

அந்த மாதிரியைப் பற்றிக் கட்டுரையாளர் என்ன நினைக்கிறார் என்று அடுத்த இதழில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம், ரகசிய முடிவைத் தலைப்பிலேயே போட்டு உடைத்திருக்க வேண்டாம். தம்பி இன்னும் உருண்டைகளைத் தேடிக்கொண்டிருக்கிறான். இந்த இதழை அவன் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி