மின் விசிறிகளைத் தவறாகப் பொருத்தியது, பழைய விசிறியைத் திருப்பித் தராதது குறித்த புகார்

அனுப்புநர்
அம்பாசடர் டீசல் கார் உரிமையாளர்,
செல்லூர், மதுரை.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
கார் உதிரிபாக விற்பனை மற்றும் பட்டறைப் பிரிவு,
பைபாஸ் ரோடு, மதுரை.

நாள்: 26.05.2025

ஐயா,

கடந்த ஏப்ரல் 12 அன்று என் 1994 மாடல் அம்பாசடர் காரில், இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் பழைய விசிறியைக் கழற்றிவிட்டு இரண்டு மின் விசிறிகளைத் தங்கள் பட்டறையில் பொருத்தினார்கள். பொருளும் கூலியும் சேர்த்து 14,800 ரூபாய் கட்டினேன். ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன். சரியாக மூன்றாவது வாரம், மே 3 அன்று, கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டி கொதித்து நின்றது.

அதற்குப் பிறகு நான்கு முறை தங்கள் கிளையோடு தொலைபேசியில் பேசிவிட்டேன். சித்திரைத் திருவிழா முடியட்டும் என்றார்கள். அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்கும் திரும்பிப் போய்விட்டார். தங்கள் ஆள்தான் பைபாஸ் ரோட்டிலிருந்து செல்லூருக்கு இன்னும் வந்து சேரவில்லை. கடைசியாகப் பேசியவர், “வண்டி பழையது ஐயா, நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று சொல்லி வைத்துவிட்டார். வண்டி ஏப்ரல் 12 அன்றும் பழையதுதான். பணம் வாங்கும்போது அது யார் கண்ணிலும் படவில்லை.

மின் விசிறியே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. கவுன்டரில் இருந்த தம்பி விளக்கிய அத்தனையும் சரி. பெல்ட்டில் ஓடும் விசிறி, இன்ஜின் மெதுவாக ஓடினால் தானும் மெதுவாகத்தான் சுற்றும். கோரிப்பாளையம் நெரிசலில் காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில் சோம்பிக் கிடக்கும். நான்குவழிச் சாலையில் இன்ஜினின் சூட்டை வாங்கி வரும் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றே போதும் என்கிறபோது, வேண்டாமலே வேகமெடுத்து இன்ஜினின் சக்தியைத் தின்னும். மின் விசிறிக்கு இந்தக் குணம் இல்லை. இன்ஜினைக் குறுக்காக வைத்து 1983-ல் வந்த மாருதி 800-இலேயே மின் விசிறிதான். மேலும் நான் மின்வாரியத்தில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மின்சாரத்தில் ஓடும் எதன்மீதும் எனக்குப் பாதி நம்பிக்கை தானாகவே வந்துவிடும். என் புகார் அதைப் பொருத்திய கையைப் பற்றியது.

மே 3 அன்று இ-பாஸ் எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் பேரனும் கிளம்பினோம். வத்தலக்குண்டு வரை சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. காமக்காபட்டி தாண்டி ஏற்றம் தொடங்கியதும் முன்னே ஒரு பஸ், அதன் பின்னால் இரண்டாவது கியரில் நாங்கள். இன்ஜினுக்கு முழுச் சுமை, எதிர்க்காற்றோ கொஞ்சமும் இல்லை. விசிறி ஒன்றை மட்டுமே நம்பி ஏற வேண்டிய இடம் அது. டம்டம் பாறை வருவதற்குள் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி பானட்டைத் தூக்கினேன். விசிறிகள் இரண்டும் நன்றாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, ஆனாலும் ரேடியேட்டர் மூடியின் ஓரத்தில் ஆவி சீறியது. கொடைக்கானலில் பிரிக்க வேண்டிய புளியோதரைப் பொட்டலத்தைச் சாலையோரக் கட்டைச்சுவரிலேயே பிரித்தோம். பேரனுக்கு அது உல்லாசப் பயணம். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டும் இன்ஜின் சரியாக ஓடவில்லை. வண்டியை இழுத்து வந்து வீட்டில் சேர்க்க 6,500 ரூபாய் ஆனது.

மறுநாள் காலை, இன்ஜினை ஓட விடாமலேயே, தண்ணீர் சூடானதும் விசிறிகளை ஓடவிடும் சென்சாரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து விசிறிகளை ஓடவிட்டுப் பார்த்தேன். அன்றைய செய்தித்தாளில் ஒரு தாளை எடுத்து ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்தேன். இடது பக்கம் பிடித்தபோது தாள் பல்லி மாதிரி அப்பிக்கொண்டது. வலது பக்கம் நகர்த்தினேன், கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு முற்றத்தில் போய் விழுந்தது. சந்தேகம் தீர மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படியே. ஒரு விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது, பக்கத்திலிருப்பது வெளியே தள்ளுகிறது. வலது விசிறியின் இரண்டு வயர்களையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். டி.சி. மோட்டாரில் முனைகளை மாற்றிக் கொடுத்தால் அது எதிர்த்திசையில் சுற்றும் என்பதைப் பள்ளிக்கூடப் பையனே சொல்வான். ரேடியேட்டரைத் தாண்டிப் போன சூடான காற்றையே வலது விசிறி அதற்குள் திரும்பத் தள்ளிக்கொண்டிருந்தால் தண்ணீர் எப்படி ஆறும்?

அங்கேயே நிறுத்தாமல், வயரைக் கவ்விப் பிடித்து டி.சி. மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டர் ஒன்றை நண்பரிடம் வாங்கி வந்து பார்த்தேன். ஒரு விசிறி 11 ஆம்பியர் இழுக்கிறது, இரண்டும் சேர்ந்து 22. கிளம்பும் நொடியில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஏறி இறங்குகிறது. இவ்வளவுக்கும் தங்கள் ஆள் போட்டிருப்பது 1.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயர். பேட்டரி முனையில் 12.4 வோல்ட் இருக்கும்போது விசிறியின் முனையில் 10.6 தான் வருகிறது. பத்து நிமிடத்தில் வயரின் மேலுறை கையில் பட்டுச் சுட்டது. விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே, ரசீதில் இரண்டு என்று இருக்கிறது, வண்டியில் இருப்பது ஒன்று. ஃப்யூஸ் அறவே இல்லை. என் வண்டி டைனமோவின் உச்ச அளவு 35 ஆம்பியர். இரவில் ஹெட்லைட்டுக்கே ஒன்பது பத்து போய்விடும். வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது அந்த 35-இல் பாதிகூட வராது. இந்தக் கணக்கை வேலை தொடங்கும் முன் யாராவது ஒருவர் போட்டிருக்க வேண்டாமா?

சென்சாரை ரேடியேட்டரின் கீழ் ஹோஸுக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறார்கள். ஆறிய தண்ணீர் வெளியேறும் இடம் அது. அங்கே சூடு தெரிவதற்குள் இன்ஜின் கொதிக்கத் தொடங்கிவிடலாம். விசிறிகளை ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியதில், அதிர்வில் ஒரு குழாய் உரசித் தேய்ந்து கூலன்ட் தண்ணீர் பச்சையாகக் கசிந்திருக்கிறது. முறுக்குப் பொட்டலத்தைக் கட்டுவதற்குக்கூட இதைவிடக் கவனம் எடுத்துக்கொள்வார்கள்.

விளைவைச் சொல்கிறேன். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தபோது, தண்ணீர் கலந்து ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தது. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஹெட்டைச் சமன்செய்து, கேஸ்கெட், ஆயில் மாற்றி, ரேடியேட்டரை அடைத்து முடிக்க 23,400 ரூபாய் ஆகும் என்று எங்கள் பகுதி மெக்கானிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த மதிப்பீட்டையும், வயர், சென்சார், டேக் ஆகியவற்றின் புகைப்படங்களையும் இணைத்திருக்கிறேன்.

இதையெல்லாம்விட எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. கழற்றிய பழைய விசிறியை எங்கே என்று ஏப்ரல் 12 அன்றே கேட்டேன். “உள்ளே இருக்கும், எடுத்து வைக்கிறோம்” என்றார்கள். இன்றுவரை தரவில்லை. அது என் பொருள். 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. அதன் விசிறியைக் கடையில் கேட்டால் சிரிப்பார்கள், காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்க வேண்டும். அது கையில் இருந்திருந்தால் திரும்ப மாட்டிக்கொண்டு, உங்களை மறந்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

ஆகவே, கட்டிய 14,800 ரூபாயையும், வண்டியை இழுத்து வந்த செலவையும், இன்ஜின் பழுதுக்கான 23,400 ரூபாயையும் சேர்த்து மொத்தம் 44,700 ரூபாய் தர வேண்டும். மின் விசிறிகளைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். பழைய விசிறி, அதன் போல்ட்டுகளோடு, என் வீட்டுக்கு வர வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் இது நடக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கும் சேவைக்கும் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. ஓய்வு பெற்றவனுக்கு நேரமும் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: விசிறியைத் தேடுவதற்கு அடையாளம் சொல்கிறேன். நான்கு இறக்கை, இரும்பு, கறுப்புப் பெயின்ட். ஓர் இறக்கையின் நுனி சற்று மடங்கியிருக்கும், அது நான் சுத்தியலால் தட்டி நிமிர்த்திய இடம். வேறு ஏதாவது ஒரு விசிறியைத் துடைத்து அனுப்பிவிட வேண்டாம்.