சோள நொய்க்குச் சர்க்கரை வேண்டாம்!

அன்புள்ள ஆசிரியருக்கு,

அட்லாண்டாவில் இருக்கும் என் தங்கை மகள் கொண்டுவந்த கிரிட்ஸ் பாக்கெட்டால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. கிரிட்ஸ் என்பது வேறொன்றுமில்லை, மக்காச்சோள நொய். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் காலைச் சாப்பாடு. ஜார்ஜியா மாநிலம் 2002இல் சட்டம் போட்டு இதைத் தன் அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்திருக்கிறது, நாம் இன்னும் உப்புமாவைக் கேலி செய்துகொண்டிருக்கிறோம்!

அங்கேயும் உப்பா சர்க்கரையா என்று சண்டைதானாம். நான் உப்புக் கட்சி. ஒரு பங்கு நொய்க்கு நாலு பங்கு தண்ணீர் வைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்து, கடைசியில் வெண்ணெய் போட்டு இறக்கினால் சாதுவாக, கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், ஆனால் அதுதான் வசதி, பக்கத்தில் காரமாக எதை வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். அங்கே தென் கரோலினா மாநிலத்துச் சார்லஸ்டன் நகரத்தில் இறாலோடு சாப்பிடுகிறார்கள், நான் நம்மூர் இறால் தொக்கை வைத்தேன், சைவக்காரர்களுக்குக் கத்தரிக்காய் கோசமல்லி. கோசமல்லிதான் ஜெயித்தது என்பது என் தீர்ப்பு. சீஸ் போட்டது பிள்ளைகளுக்குப் பிடித்தது, எனக்கு இல்லை.

சர்க்கரைக் கட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இனிப்புதான் வேண்டுமென்றால் ரவையும் வெல்லமும் தேங்காயும் நெய்யுமாக ரங்கூன் புட்டு இருக்கிறதே, சோளத்தை ஏன் படுத்துகிறீர்கள்? அப்புறம், ஐந்து நிமிடத்தில் வேகும் பாக்கெட்டை வாங்காதீர்கள், பசை மாதிரி ஆகிவிடுகிறது. கல்லில் அரைத்த கொரகொரப்பான நொய் வேக முக்கால் மணி நேரம்கூட ஆகும், பரவாயில்லை.

வேறு யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்களேன்.

ஒரு வாசகி,
காரைக்குடி