நெடுஞ்சாலை விட்டுச் சென்ற ஊர்கள்

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்கு முழங்கால் வலி தணிந்து, இப்போது கைப்பிடி பிடிக்காமலே மாடியேறுகிறார்கள் என்று படித்தபோது மனம் நிறைந்தது. இங்கு நாங்கள் நலம். சின்னவளுக்கு மதுரையிலேயே வேலை அமைந்துவிட்டதால் வீடு மறுபடியும் கலகலப்பாக இருக்கிறது.

ஐப்பசியில் முக்திநாத் போகத் தீர்மானித்திருப்பதாக எழுதியிருந்தாய். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராமத்தைச் சேவிக்க வேண்டும் என்பது உன் நெடுநாள் ஆசை. ஆனால் நம் ஊர் யாத்திரைக் குழுக்கள் காத்மாண்டு, பொக்காரா, ஜோம்சோம் என்று ஓடித் தரிசனம் முடித்து, ஓடிய வழியே திரும்பிவிடுகின்றன. நேபாளத்தில் பார்க்கத்தக்கவற்றுள் பாதி அந்த ஓட்டத்தில் தப்பிவிடுகிறது என்பது, சென்ற ஆண்டு நானும் உன் தங்கையும் நிதானமாகச் சுற்றிவிட்டு வந்த பிறகு எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம்.

நான் சொல்லும் ஊர்கள் பெரும்பாலும் ஒரு காலத்தில் வணிகத்தால் செழித்து, பின்னர் மோட்டார்ச் சாலை வேறு பக்கம் போனதால் அப்படியே நின்றுவிட்டவை. பந்திப்பூரை எடுத்துக்கொள். கூர்க்கா அரசர் பிருத்வி நாராயண் ஷா 18ஆம் நூற்றாண்டில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கை வென்ற பிறகு, அப்பள்ளத்தாக்கின் பக்தபூரிலிருந்து கிளம்பிய, அம்மண்ணின் பழங்குடிகளான நேவார் வணிகர்கள், கீழே மலேரியா மண்டிய சமவெளிக்கு அஞ்சி, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருந்த இந்த மலைமுகட்டில் குடியேறி, இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே சரக்கு மாற்றிச் செல்வம் சேர்த்தார்கள். 1950களில் தராய் என்னும் அந்தச் சமவெளியில் மலேரியா ஒழிப்பு தொடங்கியது. 1970களில் பொக்காரா நெடுஞ்சாலை மலையடிவாரத்தில் தும்ரே வழியாகப் போனது. கடைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கீழே நாராயண்காட் என்னும் ஊருக்கு இறங்கிவிட்டார்கள். மாவட்டத் தலைமையகமும் தமௌலிக்குப் போனது. எஞ்சியது பலகைக்கல் பாவிய ஒரே கடைத்தெரு. அதில் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. இப்போது அந்த வணிகர் வீடுகளுள் பல விடுதிகளாகிவிட்டன. மேலே ஏறக் கேபிள் காரும் வந்துவிட்டது. காலையில் அழகாகத்தான் இருக்கிறது; ஆனாலும் பயணிகளுக்காகவே துடைத்து வைத்த ஊர் என்ற உணர்வு எனக்குக் கடைசிவரை போகவில்லை.

பனௌதி அப்படியன்று. காத்மாண்டுவுக்குத் தென்கிழக்கே, ரோசி, புண்யமதி ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மூன்றாம் ஆறு ஒன்றும் அங்கே கலக்கிறது என்பார்கள்; பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அங்கே மகர மேளா கூடுகிறது என்று கேட்டதும் எனக்குக் கும்பகோணத்து மகாமகம் நினைவுக்கு வந்தது. திபெத்துக்குச் செல்லும் அர்னிகோ நெடுஞ்சாலை 1960களில் பனேபா வழியாகப் போடப்பட்டதால், பனௌதி ஒதுங்கிக்கொண்டது. அங்குள்ள இந்திரேஸ்வர மகாதேவர் கோயில் 1294இல் எழுந்தது, மூன்றடுக்குக் கூரை. 1988 நிலநடுக்கத்தில் சேதமுற்றதைப் பிரெஞ்சு உதவியுடன் சீராக்கியிருக்கிறார்கள். கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களை அண்ணாந்து பார்த்தபடி, நம் கோயில்களில் கருங்கல்லில் செய்ததை இவர்கள் மரத்தில் செய்திருக்கிறார்கள் என்று உன் தங்கை சொன்னாள். உடம்பின் வளைவு, இடுப்பில் ஆடையின் மடிப்பு என்று ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிகிறது. ஊர் முழுவதும் ஒற்றைப் பாறையின்மேல் இருப்பதால்தான் 2015 நிலநடுக்கத்திலும் தப்பியது என்பது அவ்வூரார் நம்பிக்கை.

கீர்த்திபூரைப் பற்றி ஒரு வரி போதும். காத்மாண்டுவின் விளிம்பிலேயே இருப்பதால் அரை நாளில் பார்த்துவிடலாம். 1757இல் கூர்க்காப் படையை அவ்வூரார் விரட்டியடித்தபோது தளபதி காலு பாண்டே களத்தில் மாண்டார். பின்னர் ஊரைப் பிடித்த படையினர் ஆண்களின் மூக்கை அறுத்த கொடுமையை அக்காலக் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அக்காலப் போர்வாள்கள் பாக் பைரவர் கோயிலின் மேற்சுவரில் இன்றும் தொங்குகின்றன.

நீ கட்டாயம் தங்க வேண்டிய ஊர் தான்சேன். கோரக்பூரில் ரயிலை விட்டிறங்கி, சுனௌலி எல்லையைக் கடந்து, புட்வல் வழியாகப் பொக்காராவுக்குச் செல்லும் சித்தார்த்தா நெடுஞ்சாலையிலிருந்து சற்றே மேலே ஏறினால் போதும். ஆகவே உன் பயணத்தில் சுற்றுவழி என்று எதுவும் இல்லை. சென் வம்ச அரசர்களின் பால்பா நாட்டுக்கு இதுவே தலைநகரம். அரண்மனை 2006இல் மாவோயிஸ்டுத் தாக்குதலில் எரிந்து, மீண்டும் கட்டப்பட்டது. அதைவிட, யானை அம்பாரியோடு நுழையும் அளவுக்கு உயர்ந்த அதன் பழைய வாயிலே எனக்குப் பிடித்தது. செங்குத்தான சந்துகளில் நேபாளத் தொப்பிக்கான 'டாக்கா' என்னும் துணியை நெய்யும் தறிகளின் சத்தம் இன்றும் கேட்கிறது. டக்சார் தெருவில் 'கருவா' என்னும் மூக்கு வைத்த வெண்கலக் கெண்டி செய்கிறார்கள். ஒன்று வாங்கி வந்தோம். கனம் அதிகம், விலையும் குறைவில்லை. சாப்பாட்டில் 'சுக்கௌனி' கேட்டு வாங்கு: வேகவைத்த உருளைக்கிழங்கைத் தயிரில் போட்டு, வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து, வெந்தயம் தாளித்துக் கொட்டியது. வெங்காயம் வேண்டாம் என்று மதினிக்காக முன்கூட்டியே சொல்லிவிடு.

அங்கிருந்து வடக்கே, காளி கண்டகியின் கரையில் ராணி மகால் நிற்கிறது. பிரதமர் பதவிப் போட்டியில் தோற்றுப் பால்பாவுக்கு அனுப்பப்பட்ட கட்க சம்சேர் ராணா, இறந்த மனைவி தேஜ் குமாரியின் நினைவாக 1890களில் கட்டிய மாளிகை அது. அவர் இந்தியாவுக்குப் போன பிறகு நெடுங்காலம் பாழாய்க் கிடந்திருக்கிறது. முக்திநாத் மலைகளிலிருந்து சாளக்கிராமக் கற்களை உருட்டிவரும் அதே ஆறுதான் இங்கே அதன் படிக்கட்டை ஒட்டிப் போகிறது. நடந்து இறங்கலாம் என்பார்கள். மதினியின் முழங்காலை நினைத்தால் ஜீப்பே சரி, பாதை மோசம் என்றாலும்.

ஐப்பசியில் மழை விட்டு, பனிமலைகள் தெளிவாகத் தெரியும். ஆனால் தசைன் என்னும் அவர்களுடைய தசராப் பண்டிகைக்கு நெருக்கமான நாட்களில் பேருந்தில் இடம் கிடைப்பது அரிது; பல கடைகள் மூடியிருக்கும். பஞ்சாங்கத்தில் விஜயதசமியைப் பார்த்து, அதற்கு ஒரு வாரம் தள்ளிப் புறப்படு. வாக்காளர் அட்டை இருந்தால் எல்லையில் போதும். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதே. ரயில் டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது. தான்சேனில் நாங்கள் தங்கிய விடுதியின் எண்ணைத் தேடி அனுப்புகிறேன். கீழ்த்தளத்திலும் அறை உண்டு.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
சுந்தரம்